டாக்டர் அறைக்குப் பக்கத்து அறைகள்

கம்பத்திலோ கூடலூரிலோ புதிதாக கிளினிக் போடும் டாக்டர்கள் என்னிடம் வந்து கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். எம்.டி. முடித்த கையோடு ஊருக்கே திரும்பி வருகிற பிள்ளைகள் இப்போது சிலர் இருக்கிறார்கள், அவர்களைப் பார்க்கவே சந்தோஷமாக இருக்கிறது. "அக்கா, லேப் வைக்கலாமா, எக்ஸ்ரே வைக்கலாமா, கூடவே ஒரு மெடிக்கலும் போட்டுவிடலாமா?" யாரோ அவர்களுக்கு ஏற்கனவே ஒரு கணக்குப் போட்டுக் கொடுத்திருப்பார்கள். நோயாளி தரும் ஃபீஸில் கட்டட வாடகையும் சம்பளமும்தான் தேறும், மீதி வருமானம் எல்லாம் பக்கத்து அறைகளில்தான் என்று. மெஷின் விற்க வருகிறவர் அதே கணக்கை இன்னும் அழகாக, மாதத்துக்கு இத்தனை டெஸ்ட், இத்தனை மாதத்தில் கடன் அடைந்துவிடும் என்று கட்டம் போட்டுக் காட்டுவார்.

நான் லேப் டெக்னீஷியன். படித்து முடித்ததிலிருந்து இந்தப் பள்ளத்தாக்கிலேயே, டாக்டர்களின் கிளினிக்கோடு ஒட்டிய சின்னச் சின்ன லேப்களில்தான் வேலை. அந்தக் கணக்கு தப்பு என்று நான் சொல்லவில்லை, கிளினிக் நஷ்டத்தில் ஓடினால் மூடத்தான் வேண்டும், மூடினால் ஜனங்களுக்குத்தான் கஷ்டம். ஆனால் கணக்கை எந்த இடத்திலிருந்து தொடங்குகிறோம் என்பதில் எனக்கு அழுத்தமான கருத்து இருக்கிறது. நோயாளி எத்தனை மணிக்கு ஜீப் ஏற வேண்டும் என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

எங்கள் பக்கம் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். தேனி மாவட்டத்தின் இந்த மூலையில் விடிவதற்கு முன்பே ஜீப்கள் கிளம்பிவிடும். குமுளி வழியாகவும் கம்பம்மெட்டு வழியாகவும் மலை ஏறி, வண்டன்மேடு, நெடுங்கண்டம், புளியன்மலை என்று இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களில் ஆட்களை இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்ப ஏற்றிக்கொண்டு வரும். பெரும்பாலும் பெண்கள். ஒரு நாள் ஜீப்பை விட்டால் அன்றைய கூலி போயிற்று. அங்கேயே லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், தங்கி வேலை செய்கிற குடும்பங்களும் உண்டு, அவர்கள் ஞாயிற்றுக்கிழமை இறங்கி வந்து சந்தை, ரேஷன், ஆஸ்பத்திரி எல்லாவற்றையும் ஒரே நாளில் முடித்துக்கொண்டு போக வேண்டும். இப்படிப்பட்ட ஒரு அம்மாவிடம் "நாளைக்குக் காலையில் வெறும் வயிற்றோடு போய் இந்த டெஸ்ட்டை எடுத்து, மறுநாள் ரிப்போர்ட்டோடு என்னை வந்து பாருங்கள்" என்று டாக்டர் சொன்னால், அவர் சொன்னது இரண்டு நாள் கூலியை விடச் சொல்லி. அந்த அம்மா தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார். திரும்ப வர மாட்டார். ஜீப் ஸ்டாண்டுக்குப் பக்கத்து மெடிக்கலில் "காய்ச்சலுக்கு ஏதாவது குடுங்க தம்பி" என்று வாங்கிப் போட்டுக்கொண்டு மேலே போய்விடுவார். "ஏந்தாயி, இன்னிக்கே சொல்லிருவீங்களா?" என்பதுதான் ஊசி குத்தும்போது என்னிடம் எல்லோரும் கேட்பது. வலிக்குமா என்று கேட்பவர்கள் குறைவு.

ஆகவே லேப், கட்டுப் போடும் அறை, மருந்துக் கடை, ஈ.சி.ஜி. இதெல்லாம் கிளினிக்கின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிற உபரி வியாபாரம் என்று யாராவது பேசினால் எனக்குக் கோபம் வரும். இந்த ஊரில் வைத்தியம் நடக்கிறதா இல்லையா என்பதே அந்த அறைகளில்தான் முடிவாகிறது.

மழைக்காலத்துக் காய்ச்சலை எடுத்துக்கொள்ளுங்கள். ஜூன் மாதம் மலையில் மழை பிடித்துவிட்டால் எங்களுக்கு வேலை நிற்காது. டெங்கு, எலிக்காய்ச்சல், ஸ்க்ரப் டைபஸ், டைபாய்டு எல்லாமே முதல் இரண்டு மூன்று நாளில் ஒரே மாதிரி இருக்கும்: காய்ச்சல், தலைவலி, உடம்பு முறிக்கிற வலி. டாக்டர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் தொட்டுப் பார்த்து மட்டும் பிரித்துவிட முடியாது. சி.பி.சி. என்கிற ரத்த அணு எண்ணிக்கைச் சோதனை ஒன்று போட்டால் கொஞ்ச நேரத்திலேயே வெள்ளை அணு எத்தனை, தட்டணு (பிளேட்லெட்) எத்தனை, ரத்தம் கெட்டியாகியிருக்கிறதா என்று ஒரு திசை கிடைத்துவிடும். டெங்குவுக்கு, கிருமியின் புரதத்தைத் தேடுகிற என்.எஸ்.1 சோதனை முதல் ஐந்து நாளுக்குள் செய்தால்தான் நம்பத் தகுந்தது, அதற்குப் பிறகு உடம்பு உண்டாக்குகிற ஐஜிஎம் என்ற எதிர்ப்புப் பொருளைப் பார்க்க வேண்டும், ஆக எத்தனையாவது நாள் காய்ச்சல் என்பதை லேப்பில் இருக்கிறவரும் கேட்டாக வேண்டும். எதை வேண்டுமானாலும் போட்டுப் பார்க்கலாம் என்று டைபாய்டுக்கு ஒரே ஒரு தடவை வைடால் என்ற ரத்தச் சோதனை போட்டு, அளவு லேசாகக் கூடியிருந்தால் உடனே டைபாய்டு என்று முடிவு கட்டி ஊசி போட்டுத் தள்ளுகிற பழக்கம் இன்னும் நம் பக்கம் போகவில்லை. அந்தக் கிருமியோடு முன்பே பழகிய உடம்பில் அந்த அளவு சாதாரணமாகவே கொஞ்சம் கூடித்தான் இருக்கும்.

லேப் பக்கத்து அறையில் இருப்பதால் வரும் உண்மையான லாபம் வேகம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். வேகம் முக்கியம்தான். அதைவிடப் பெரிய லாபம், டெக்னீஷியன் எழுந்து நடந்து போய் டாக்டரிடம் பேச முடியும் என்பது. ஒரு உதாரணம் சொல்கிறேன். தோட்டத்து டிரைவர் ஒருவர் லேசான காய்ச்சலோடு வந்தார். ரத்த அணுக்களை எண்ணும் செல் கவுண்டர் மெஷின் தட்டணுவை 40 ஆயிரத்துக்கும் கீழே காட்டியது. ஆள் நன்றாக உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருக்கிறார், உடம்பில் எங்கும் ரத்தப் புள்ளி இல்லை. ஸ்லைடு போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் தட்டணுக்கள் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. ஊதா மூடி டியூபில், ரத்தம் உறையாமல் இருக்கச் சேர்த்திருக்கும் ஈடிடிஏ சிலருடைய ரத்தத்தில் இப்படிச் செய்யும், மெஷினுக்கு அந்தக் கொத்து தட்டணுவாகத் தெரியாது, எண்ணாமல் விட்டுவிடும். நான் நேரே டாக்டரிடம் போய்ச் சொன்னேன், நீல மூடி சிட்ரேட் டியூபில் திரும்ப எடுத்தோம், அதில் கலந்திருக்கும் திரவத்துக்காக வந்த எண்ணை 1.1ஆல் பெருக்க வேண்டும், பெருக்கினால் எண்ணிக்கை சரியாகவே இருந்தது. அதே ரத்தம் பஸ் ஏறி வேறு ஊர் லேப்புக்குப் போய், அங்கிருந்து வெறும் எண் மட்டும் போனில் வந்திருந்தால், அந்த மனிதரை ஆம்புலன்ஸில் மதுரைக்கு அனுப்பியிருப்பார்கள். குடும்பமே பதறி, நகையை அடகு வைத்து, பின்னாலேயே போயிருக்கும்.

பக்கத்து அறைகள் என்று சொன்னாலே லேப்பும் ஸ்கேனும்தான் ஞாபகத்துக்கு வருகிறது, நர்ஸை யாரும் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஸ்க்ரப் டைபஸுக்கு ஒரு முக்கியமான அடையாளம் உண்டு. கண்ணுக்குத் தெரியாத ஒரு சின்னப் பூச்சி கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டது போல ஒரு கறுத்த பொருக்கு நிற்கும். அது அக்குளிலோ, தொடை இடுக்கிலோ, மார்புக்குக் கீழேயோ இருக்கும், வலிக்காது, அரிக்காது, ஆகவே நோயாளிக்கே தெரிந்திருக்காது. நம் பெண்கள் ஆண் டாக்டரிடம் அங்கெல்லாம் காட்டவும் மாட்டார்கள். எங்கள் கிளினிக்கில் இருந்த நர்ஸ் அக்கா காய்ச்சலோடு வரும் ஒவ்வொரு பெண்ணையும் திரைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய் ஒரு தடவை பார்த்துவிடுவார். அவர் கண்டுபிடித்த பொருக்குகளுக்கு எந்த மெஷினும் தேவைப்படவில்லை. நோய் இன்னதென்று தெரிந்துவிட்டால் டாக்ஸிசைக்ளின் என்ற பழைய, விலை குறைந்த மாத்திரையிலேயே பெரும்பாலும் அடங்கிவிடுகிற காய்ச்சல் அது. தெரியாமல் விட்டால் நுரையீரல், சிறுநீரகம் என்று இழுத்துக்கொண்டு போய்விடும். அந்த அக்காவுக்குக் கொடுத்த சம்பளத்தை எந்தக் கணக்கு நோட்டிலும் வருமானப் பக்கத்தில் எழுத முடியாது, ஆனால் அவர் இல்லாத கிளினிக்கை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

மருந்தடிக்கிறவர்கள் விஷயம் தனி. ஏலக்காய்க்கு வருஷம் முழுக்கப் பூச்சிமருந்து அடித்துக்கொண்டே இருப்பார்கள். முகமூடியும் கையுறையும் இல்லாமல் அடித்துவிட்டு, சாயங்காலம் வாந்தி, வியர்வை, வாயில் எச்சில் ஒழுக, கண்ணின் பாவை ஊசிமுனை அளவுக்குச் சுருங்கி வந்து விழுகிற ஆட்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். ரத்தத்தில் கோலின்எஸ்டரேஸ் என்ற நொதியின் அளவு பார்த்தால் இப்படிச் செய்கிற வகைப் பூச்சிமருந்துதான் உள்ளே போயிருக்கிறது என்பது உறுதியாகும். ஆனால் அந்த நேரத்தில் லேப் ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்கக் கூடாது. துணியைக் கழற்றி உடம்பைக் கழுவிவிட்டு, முறிவு மருந்தான அட்ரோபின் போட்டுக்கொண்டே 108ஐக் கூப்பிட்டு க.விலக்கில் இருக்கிற தேனி மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டியதுதான். எடுத்த ரத்தத்தையும் கூடவே கொடுத்துவிடலாம். எங்கள் அறைகளால் எது முடியாது என்று தெரிந்திருப்பதும் எங்கள் வேலையில் சேர்த்திதான்.

சரி, எதை இங்கேயே செய்வது, எதை வெளியே அனுப்புவது? நான் எல்லோருக்கும் சொல்கிற விதி ஒன்றுதான்: நோயாளி வீட்டுக்குக் கிளம்புவதற்குள் எந்த ரிசல்ட் டாக்டரின் முடிவை மாற்றுமோ அதை மட்டும் இங்கே வையுங்கள். சி.பி.சி., சுகர், கிரியேட்டினின் (நம் ஜனங்கள் "உப்பு டெஸ்ட்" என்பார்கள்), மஞ்சள் காமாலைக்கான பிலிருபின், சிறுநீர்ப் பரிசோதனை, கர்ப்பப் பரிசோதனை, டெங்கு கார்டு, ஈ.சி.ஜி. இதற்கு மேல் ஒரு பொது மருத்துவர் கிளினிக்குக்குப் பெரிதாகத் தேவைப்படாது. தைராய்டு, வைட்டமின், எச்பிஏ1சி (மூன்று மாதச் சுகர் சராசரி), சதைப் பரிசோதனை எல்லாம் ஒரு நாள் இரண்டு நாள் பொறுக்கும், பெரிய லேப்புக்கு அனுப்பிவிட்டு ரிசல்ட்டை வாட்ஸ்அப்பில் சொன்னால் போதும்.

அனுப்புவதிலும் ஒழுங்கு வேண்டும். இதில்தான் நிறையத் தப்பு நடக்கிறது. சுகருக்கு எடுத்த ரத்தத்தை அப்படியே சாதாரண டியூபில் வைத்தால், உள்ளே இருக்கிற அணுக்களே சர்க்கரையைத் தின்றுகொண்டிருக்கும், மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை குறையும். மேலே ஒரு கலெக்‌ஷன் சென்டரில் காலையில் எடுத்து, மத்தியானம் பஸ்ஸில் ஏற்றி, மலைப்பாதை வளைவுகளில் குலுங்கிக் கீழே வந்து சேரும்போது அது வேறு ஒரு எண்ணாகிவிடுகிறது. சுகர் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு ஒருவர் மாத்திரையைக் குறைத்துவிடுவார். சாம்பல் மூடி ஃபுளோரைடு டியூபில் எடுக்க வேண்டும், இல்லை என்றால் எடுத்த இடத்திலேயே சீக்கிரம் சென்ட்ரிஃபியூஜில் சுற்றிப் பிரித்துவிட வேண்டும். குலுங்கி அணுக்கள் உடைந்தால் பொட்டாசியம் பொய்யாகக் கூடும், அதைப் பார்த்துவிட்டு டாக்டர் பயந்துபோவார். சாம்பிள் தூக்கி வருகிற பையனுக்கு இதை யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. சொல்லிக் கொடுத்தால் அவன் அழகாகச் செய்வான், நான் பார்த்திருக்கிறேன்.

இனி பணம். மறைக்காமல் பேச வேண்டிய இடம் இதுதான். ஒரு அனலைசர், அதாவது ரத்தப் பரிசோதனை மெஷின், கடனில் வருகிறது. மாதத் தவணை இருக்கிறது. சோதனைக்கு ஊற்றுகிற ரசாயனமான ரீஏஜென்ட் பாட்டிலைத் திறந்துவிட்டால் குறிப்பிட்ட நாளுக்குள் தீர்த்தாக வேண்டும். வாரத்துக்கு இரண்டு பேருக்கு மட்டும் தேவைப்படுகிற டெஸ்ட்டுக்கு ஒரு முழு பாட்டிலைத் திறந்து வைத்தால் என்ன ஆகும்? ஒன்று, காலாவதி ஆனதைக் கொட்ட மனசு வராமல் யாரோ ஓட்டிவிடுவார்கள். இல்லை என்றால், தீர்க்க வேண்டுமே என்று தேவையில்லாதவர்களுக்கும் அந்த டெஸ்ட்டை எழுத ஆரம்பிப்பார்கள். யாரும் கெட்ட எண்ணத்தோடு இதைத் தொடங்குவதில்லை. நல்ல டாக்டர்களே மெல்ல மெல்ல இந்தப் பக்கம் சாய்வதை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். பெரிய மெஷின் வந்த மாதத்திலிருந்து சாதாரணச் சளிக்குக்கூட ஒரு முழு பாக்கேஜ் எழுதப்படும். ஆகவேதான் மெஷின் வாங்கும் முன்பே எண்ணிப் பார்க்கச் சொல்கிறேன்: இப்போது வருகிற நோயாளிகளில், மெஷின் இல்லாத நிலையிலேயே, இந்த டெஸ்ட்டை நீங்கள் மாதத்துக்கு எத்தனை பேருக்கு எழுதுகிறீர்கள்? அந்த எண்ணில் தவணை கட்ட முடியவில்லை என்றால் வாங்காதீர்கள்.

இது நம் ஊரில் மட்டும் இருக்கிற சிக்கலும் இல்லை. அமெரிக்காவில் 1989இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள், அதைக் கொண்டுவந்த உறுப்பினர் பீட் ஸ்டார்க்கின் பெயரால் ஸ்டார்க் சட்டம் என்றே அதைச் சொல்கிறார்கள். அரசு காப்பீட்டில் வருகிற நோயாளியை, டாக்டர் தனக்குப் பணப் பங்கு இருக்கும் லேப்புக்கு அனுப்பக் கூடாது என்பது சாரம். பிறகு 1993இல் எக்ஸ்ரே, பிசியோதெரபி என்று பலவற்றுக்கும் விரித்தார்கள். ஆனால் ஒரு விலக்கும் வைத்தார்கள்: டாக்டர் தன் கிளினிக் இருக்கும் கட்டடத்திலேயே, சில நிபந்தனைகளோடு இவற்றைச் செய்துகொள்ளலாம். காரணம் நான் மேலே சொன்னதேதான், நோயாளி அலையக் கூடாது. அந்த விலக்கைப் பற்றி அங்கே இன்னும் சண்டை ஓயவில்லை. அந்த நாட்டு அரசின் தணிக்கை அலுவலகம் 2012இல் ஒரு அறிக்கை கொடுத்தது. சொந்தமாக எம்.ஆர்.ஐ., சி.டி. வைத்திருந்தவர்கள், அப்படி இல்லாதிருந்தால் எழுதியிருக்கக் கூடியதைவிட 2010ஆம் வருஷத்தில் மட்டும் சுமார் 4 லட்சம் ஸ்கேன்களைக் கூடுதலாக எழுதியிருக்கிறார்கள், அதற்கு ஆன கூடுதல் செலவு சுமார் 10.9 கோடி டாலர் என்று அதில் கணக்கு வருகிறது. படித்தவர்கள், சட்டத்துக்குப் பயந்தவர்கள், அவர்களுக்கே இப்படி என்றால் மெஷினுக்கு எவ்வளவு இழுப்பு இருக்கிறது பாருங்கள்.

நம் நாட்டில் 2002இல் வந்த மருத்துவ ஒழுக்க விதிகளில் இது தெளிவாகவே இருக்கிறது. நோயாளியை அனுப்பியதற்காக டாக்டர் கமிஷன் வாங்கவும் கூடாது, கொடுக்கவும் கூடாது. தன் நோயாளிக்குத் தானே மருந்து கொடுப்பது தவறில்லை, நோயாளியைச் சுரண்டாத வரைக்கும். ஆனால் மற்ற டாக்டர்களின் சீட்டுக்கு மருந்து விற்கிற கடை நடத்தக் கூடாது. விதி இருக்கிறது, நடைமுறையில் கவர் போய்க்கொண்டுதான் இருக்கிறது. நான் முன்பு வேலை பார்த்த ஒரு லேப்பில் மாதக் கடைசியில் டாக்டர் வாரியாகக் கணக்கு எழுதி, ஒட்டிய கவர்களாகக் கொடுத்தனுப்புவார்கள். அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்றால், கண்ட்ரோல் ஓட்டாமல் மிச்சம் பிடித்த ரீஏஜென்ட்டிலிருந்தும், படிக்காத பெண்ணுக்குக் கொடுத்த பாதிச் சம்பளத்திலிருந்தும் வந்தது. கமிஷன் என்றால் பில்லில் கொஞ்சம் கூடும், அவ்வளவுதானே என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன். ரிப்போர்ட்டில் இருக்கிற எண்ணே கெட்டுப்போகிறது. அங்கிருந்து நான் விலகிவிட்டேன்.

கண்ட்ரோல் என்றால் என்னவென்று நோயாளிகளும் தெரிந்துகொண்டால் நல்லது. காலையில் முதல் நோயாளியின் ரத்தத்தைப் போடும் முன்பே, விடை ஏற்கனவே தெரிந்த ஒரு திரவத்தை மெஷினில் ஓட்டிப் பார்ப்போம். சரியான எண் வந்தால்தான் அன்றைய வேலை தொடங்கும். இதைத் தவிர, வெளியிலிருந்து ஒருவர் நம்மைச் சோதிக்கவும் வேண்டும். வேலூர் சி.எம்.சி.யின் உயிர்வேதியியல் துறை இதற்காகவே ஒரு திட்டம் நடத்துகிறது. சேர்ந்துகொண்ட லேப்களுக்கு அவர்கள் சாம்பிள் அனுப்புவார்கள், நாம் மாதா மாதம் ஓட்டி ரிசல்ட்டை அனுப்ப வேண்டும், மற்ற லேப்களோடு ஒப்பிட்டு நாம் எங்கே நிற்கிறோம் என்று சொல்லிவிடுவார்கள். சின்ன லேப்பும் சேரலாம். சேருங்கள். உங்கள் ஊர் லேப்பில் போய் "கண்ட்ரோல் ஓட்டுவீங்களா, வெளிச் சோதனையில் இருக்கீங்களா" என்று நோயாளியே கேட்கலாம். எங்களைப் போன்றவர்களுக்கு அந்தக் கேள்வி வந்தால் சந்தோஷம்தான்.

எக்ஸ்ரேயைப் பற்றிச் சுருக்கமாக. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம், சுவர் கனம், ஈயக் கவசம், வேலை செய்கிறவர் சட்டையில் மாட்டி மூன்று மாதத்துக்கு ஒரு முறை அனுப்ப வேண்டிய கதிர்வீச்சு பேட்ஜ், இவ்வளவும் இருக்கிறது. எலும்பு டாக்டருக்கு அது கட்டாயம் வேண்டும், ஏலச்சரிவில் வழுக்கி விழுந்து கை உடைத்துக்கொண்டு வருகிறவர்கள் எப்போதும் உண்டு. காய்ச்சல், சுகர் பார்க்கிற டாக்டருக்கு நடந்து போகிற தூரத்தில் எக்ஸ்ரே இருந்தால் போதும். கர்ப்பிணிகளுக்கான ஸ்கேன் அதைவிடப் பொறுப்பானது, கருவின் பாலினம் பார்ப்பதைத் தடுக்கிற 1994 சட்டப்படி பதிவு, ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் படிவம், அறிவிப்புப் பலகை என்று எல்லாம் உண்டு, அதைப் பக்கத் தொழிலாக நினைத்துத் தொடவே கூடாது. ஈ.சி.ஜி. மட்டும் எந்தக் கிளினிக்கிலும் இருக்க வேண்டும். நெஞ்சுவலி என்று வந்தவருக்குப் பத்து நிமிஷத்துக்குள் எடுத்துவிட வேண்டும் என்பதுதான் முறை, அதை எடுக்கத் தெரிந்த ஆள் கிளினிக் திறந்திருக்கிற எல்லா நேரமும் இருக்க வேண்டும். மெஷின் இருக்கும், எடுக்கிற பெண் சாப்பிடப் போயிருப்பாள் என்றால் அது இல்லாததற்குச் சமம்.

மருந்துக் கடையில் எல்லையோரத்துக்கே உரிய ஒரு கொடுமை உண்டு. சில கிளினிக்குகளில், அந்தக் கடையில் மட்டுமே கிடைக்கிற ஏதோ ஒரு கம்பெனியின் பெயரை எழுதிக் கொடுப்பார்கள். நோயாளி பதினைந்து நாள் மாத்திரையோடு மேலே லயத்துக்குப் போய்விடுவார். தீர்ந்ததும் கட்டப்பனையிலோ குமுளியிலோ கடையில் போய் அட்டையைக் காட்டினால் "இந்தப் பேரில் இங்கே எதுவும் இல்லை" என்று மலையாளத்தில் பதில் வரும். அட்டையின் பின்னால் இருக்கிற சின்ன எழுத்தைப் படித்து மாற்று மருந்து கொடுக்க எல்லோருக்கும் பொறுமை இருக்காது. அப்புறம் என்ன, பிரஷர் மாத்திரை நின்றுவிடும். அடுத்த தடவை அந்த மனிதர் ஒரு பக்கம் கை கால் வராமல் வருவார். ஆகவே மருந்தின் மூலப்பெயரை, பெரிய எழுத்தில், அளவோடு எழுதுங்கள், இரண்டு மாநிலத்திலும் எந்தக் கடையிலும் செல்லும். நல்ல ஃபார்மசிஸ்ட் ஒருவர் இருந்தால் இதை அவரே பார்த்துக்கொள்வார். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குக் கவரில் சூரியனும் நிலாவும் வரைந்து கொடுப்பார். ஃபிரிட்ஜ் இல்லாத லயத்தில் இன்சுலினை எப்படி வைப்பது, திறந்த பாட்டிலை எத்தனை வாரம் வைத்துக்கொள்ளலாம் என்று உட்கார்த்தி வைத்துச் சொல்லுவார். டாக்டருக்கு அதற்கு நேரம் கிடையாது.

பிசியோதெரபிக்கும் இதையே சொல்வேன். ஏலக்காய் செடியின் அடியில், தரையை ஒட்டித்தான் காய்க்கும், நாள் முழுக்கக் குனிந்தும் குத்துக்காலிட்டும் காய் எடுக்கிற பெண்களுக்கு இடுப்பும் முட்டியும் போகாமல் என்ன செய்யும். அவர்களைத் தினமும் வந்து கரண்ட் வைத்துக்கொள்ளச் சொன்னால் இரண்டு நாள் வருவார்கள். வாரத்தில் ஒரு சாயங்காலம் மட்டும் பிசியோதெரபிஸ்ட் வந்து, லயத்துத் திண்ணையிலேயே செய்யக் கூடிய நாலு பயிற்சியைச் சொல்லிக் கொடுத்து, அடுத்த மாதம் செய்துகாட்டச் சொன்னால் பலன் உண்டு. அதற்குப் பெரிய அறையும் வேண்டாம், மெஷினும் வேண்டாம்.

காசநோய் விஷயத்தில் மட்டும் யாரும் கிளினிக்கில் சம்பாதிக்க நினைக்க வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் சளியை அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள், பரிசோதனையும் மருந்தும் இலவசம். ரத்தத்தில் காசநோய்க்கு ஆன்டிபாடி பார்க்கிற சோதனைகளை 2012லேயே அரசு தடை செய்துவிட்டது. அதே வருஷத்திலிருந்து ஒவ்வொரு காசநோயாளியையும் அரசுக்குத் தெரிவிப்பது தனியார் டாக்டருக்கும் லேப்புக்கும் கட்டாயம். சுகர், பிரஷருக்கு மாதா மாதம் மாத்திரை வாங்கவே பணம் இல்லாதவர்களுக்கு, 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். அதில் பெயர் சேர்க்க வழி சொல்லி அனுப்புவதும் ரிசப்ஷனில் உட்கார்ந்திருக்கிற பெண்ணின் வேலையாக இருக்கட்டும்.

கட்டணப் பலகை வையுங்கள், தமிழில், பெரிதாக, நோயாளி உட்காருகிற இடத்தில். எல்லைக்கு அந்தப் பக்கம் 2018ஆம் வருஷத்துக் கேரளச் சட்டம் கட்டணங்களை எல்லோரும் பார்க்கும்படி வைக்கச் சொல்கிறது. சட்டம் கேட்கிறதோ இல்லையோ, ஊசி குத்திய பிறகு "எவ்வளவும்மா ஆகும்" என்று ஒருவர் பயந்துகொண்டே கேட்கிற நிலைமை வரக் கூடாது. ரிப்போர்ட்டின் நகலை எப்போதும் நோயாளி கையிலேயே கொடுங்கள், அவர் நாளைக்குக் கோட்டயம் மருத்துவக் கல்லூரிக்கும் போகலாம், க.விலக்குக்கும் போகலாம்.

ஆட்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிளஸ் டூ முடித்த பெண்ணுக்கு மூன்று மாதம் சொல்லிக் கொடுத்து லேப்பில் உட்கார வைக்கிற வழக்கத்தை விடுங்கள். எங்களைப் போன்ற துணைத் தொழிலாளர்களுக்காக 2021இல் மத்திய அரசு ஒரு சட்டமே கொண்டுவந்திருக்கிறது, படிப்புக்கும் பதிவுக்கும் அது ஒரு வரையறை வைக்கிறது. படித்த பெண்கள் இந்தப் பள்ளத்தாக்கிலேயே எத்தனையோ பேர் இருக்கிறார்கள், உருப்படியான சம்பளம் கொடுத்தால் கோயம்புத்தூருக்கும் எர்ணாகுளத்துக்கும் போக மாட்டார்கள்.

இப்போது நான் இருக்கிற கிளினிக்கில் இந்த வருஷம் ஒரு மாற்றம் கொண்டுவந்தோம். வெறும் வயிற்றுச் சுகர் பார்க்க வேண்டியவர்களுக்கு, வாரத்தில் இரண்டு நாள், ஜீப் கிளம்புவதற்கு முன்பே லேப்பை மட்டும் திறந்துவிடுகிறோம். ரத்தத்தைக் கொடுத்துவிட்டு அவர்கள் வேலைக்குப் போகலாம், சாயங்காலம் ஜீப்பை விட்டு இறங்கியதும் ரிப்போர்ட்டோடு டாக்டரைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். கூலி போகாது. அந்த நேரத்தில் வந்து உட்கார நானும் இன்னொரு பெண்ணும் முறை வைத்துக்கொண்டிருக்கிறோம், கூடுதல் சம்பளத்தை டாக்டர் ஒத்துக்கொண்டார். ஜீப் டிரைவர்களிடம் சொல்லி வைத்திருப்பதால் அவர்களே ஆட்களை லேப் வாசலில் இறக்கிவிட்டு ஐந்து நிமிஷம் நிற்கிறார்கள். போடிப் பக்கம், செங்கோட்டை, புளியரைப் பக்கம் எல்லாம் இதே மாதிரி மலைக்கு வேலைக்குப் போகிற ஆட்கள் இருக்கிறார்கள். அங்கே கிளினிக் வைத்திருக்கிறவர்கள் யாராவது இதைச் செய்ய நினைத்தால் எழுதுங்கள், எந்த டியூபில் எடுத்து எப்படி வைக்கிறோம், முறைப் பட்டியலை எப்படிப் போட்டிருக்கிறோம் என்பதையெல்லாம் அனுப்பி வைக்கிறேன்.